பதிமூன்றாவது பாட்டு

விளக்கு எரிகிறது, இவர் விரலைத் தூக்குகிறார். மறுபடி எரிகிறது, மறுபடி தூக்குகிறார். பரவாயில்லையே, என் வீட்டுக்காரருக்கு இவ்வளவு கேட்கிறதா, அப்படியானால் நேற்று மத்தியானம் ரசம் ஊற்றட்டுமா என்று மூன்று தரம் கேட்டதற்கு ஆமாம் நல்ல வெயில் என்றாரே, அது எந்தக் காது? கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அலமாரிக்குள் நாற்காலி போட்ட மாதிரி ஒரு சின்ன அறை, அதற்குள் தலையில் கறுப்புக் காதுமாட்டியுடன் உட்கார்ந்திருக்கிறார். சட்டைப்பையில் பேனா வேறு. காது பரிசோதனைக்குப் பேனா எதற்கு என்று கேட்டேன், இருக்கட்டும் என்றார். இந்தப் பக்கம் மெஷின் முன்னால் ஃபர்ஹானா என்கிற பெண், இருபத்தைந்து வயது இருக்கும், அவள் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் மெஷினில் பொட்டு அளவுக்குப் பச்சை விளக்கு எரிகிறது, அப்போது அவர் காதில் ஒரு சத்தம் போகுமாம், கேட்டால் விரலைத் தூக்க வேண்டுமாம். நாற்காலியைப் பக்கவாட்டில்தான் போட்டு வைத்திருந்தாள். இவர் உள்ளே போனதும் அதை என் பக்கம் திருப்பிக்கொண்டார், என் முகத்தைப் பார்த்தால்தான் தனக்குத் தைரியம் என்றார், அந்தப் பெண்ணும் வயசானவர் சொல்கிறாரே என்று விட்டுவிட்டது. பரிசோதனை முடிந்ததும் ஒரு மெஷினைக் காதில் மாட்டிப் பார்க்கலாம், சாருக்கு நன்றாகப் பழக்கமான பாட்டு ஒன்றை யோசித்து வையுங்கள் அம்மா, போட்டுக் காட்டலாம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஒரே ஒரு பாட்டு வேண்டுமாம். தில்லைநகரில் மாடிமேல் உட்கார்ந்துகொண்டு, கீழே பேக்கரியில் பன் வேகிற வாசனை வந்துகொண்டிருக்க, பதினொரு மணி வெயிலில் நான் ஒரு பாட்டை யோசிக்கிறேன்.

எதைச் சொல்வது? எங்கள் காலத்துப் படங்களில் பாட்டுக்கா பஞ்சம். எண்பதிலிருந்து எண்பத்தெட்டு வரை வந்த கதாநாயகர்களில் பாதிப்பேர் பாடகர்கள்தான். வேறு வேலையே கிடையாது. ஊரில் வெயில் நூற்றைந்து அடிக்கும், திரையில் அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கையில் மைக்கோடு நிற்பார். இல்லாவிட்டால் சங்கீதப் போட்டிக்கு முதல்நாள் தொண்டை போய்விடும், இல்லாவிட்டால் இருமுவார், கைக்குட்டையில் சிவப்பாக இருக்கும், அப்போதும் ஆறு நிமிஷப் பாட்டை மூச்சு விடாமல் பாடி முடித்துவிட்டுத்தான் சாய்வார். நாங்கள் அழுவோம். டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் என்னோடு வேலை பார்த்த பெண்கள் எட்டுப்பேர், மதிய ஷிப்ட் முடித்து வரிசையாகப் போய் உட்கார்ந்து வரிசையாக அழுதுவிட்டு, வெளியே வந்து பாட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவோம். கல்யாணத்துக்கு அப்புறம் இவரோடு போனேன். இவர் துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் இரும்புத் தகடு வெட்டுகிறவர், அப்போதே காது கொஞ்சம் மந்தம்தான், நான்தான் அதைக் கவனமின்மை என்று நினைத்துச் சண்டை போட்டேன். தியேட்டரில் வசனம் வந்தால் என் பக்கம் சாய்ந்து என்ன சொன்னா, என்ன சொன்னா என்பார், நான் காதோரம் திருப்பிச் சொல்வேன், பின் வரிசையில் உச்சுக் கொட்டுவார்கள். பாட்டு வந்தால் கேட்க மாட்டார். பாட்டு அவருக்கு முழுசாகக் கேட்டது, அத்தனை வயலினும் அத்தனை தபேலாவும். என் மணிக்கட்டில் இரண்டு விரலால் தாளம் போடுவார். வளையல் இடித்துச் சத்தம் வரும் என்று நானே வளையலை மேலே தள்ளி விட்டுக்கொள்வேன். இப்போது அந்தக் கை கண்ணாடிக்குள்ளே விரலைத் தூக்குகிறது, இறக்குகிறது. நரம்பு எவ்வளவு தெரிகிறது.

அப்புறம் ஒவ்வொன்றாகப் போயிற்று. முதலில் கொலுசுச் சத்தம் போயிற்று, அணில் போயிற்று, குக்கர் விசில் போயிற்று. மகள் ஊரிலிருந்து போனில் பேசினால் என்னிடம் கொடுத்துவிட்டு என் வாயைப் பார்ப்பார். டாக்டர் சொன்னார், இந்த மாதிரிக் காதில் பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும்தான் முதலில் மங்குமாம், கட்டைக் குரல் கடைசி வரை நிற்குமாம். அப்படியென்றால் வீட்டில் முதலில் மங்கியது நான். முப்பத்தோரு வருஷம் காதில் மாட்டியை வைத்துக்கொண்டு, மதராஸ் பேசுங்கள், கோவை பேசுங்கள் என்று ஊரையெல்லாம் கேட்க வைத்தவள். பரவாயில்லை, குரல் போனால் முகம் இருக்கிறதே. கல்யாண வீட்டில், பேங்கில், ரேஷன் கடையில், எதிராளிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அவர்கள் சொல்வதை உதட்டால் திருப்பிச் சொல்வேன், புருவத்தால் ஆமாம் இல்லை சொல்வேன், இவர் என்னைப் பார்த்துக்கொண்டே அவர்களுக்குப் பதில் சொல்வார். இந்த வயசிலும் பெண்டாட்டி முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன் என்கிறாரே மனுஷன் என்று என் நாத்தனார் கேலி செய்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பாட்டு. பாட்டைத்தானே யோசிக்க உட்கார்ந்தேன். யோசிக்க என்ன இருக்கிறது, அந்தப் பதிமூன்றாவது பாட்டுதான். நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது, எண்பத்தைந்து. பேசிக்கொள்ளக் கூடாது, கடிதம் எழுதினால் அப்பா பிரிப்பார். இவர் தன் தங்கையிடம் ஒரு கேசட் கொடுத்து அனுப்பினார். அப்போதெல்லாம் வேண்டிய பாட்டைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்தால் பதிந்து தருவார்கள். அறுபது நிமிஷக் கேசட், ஒரு பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு பாட்டு. உறைக்குள் இவர் கையெழுத்தில் பட்டியல், நம்பர் போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, வெல்டிங் வரைபடம் மாதிரி. பன்னிரண்டும் ஊரே பாடிக்கொண்டிருந்த பாட்டுகள்தான். ஆனால் இரண்டாவது பக்கத்தில் ஆறாவது முடிந்த பிறகும் நாடா ஓடியது, கொஞ்சம் இரைந்தது, பிறகு பட்டியலில் இல்லாத ஒரு பாட்டு வந்தது. ஒரு பெண் ஆற்றங்கரையில் நின்று அந்தக் கரையில் இருப்பவனைக் கூப்பிடுகிறாள். பின்னணியில் தண்ணீரும் ஒற்றைப் புல்லாங்குழலும். கூப்பிடுகிறாள், கூப்பிடுகிறாள், பல்லவி முடிந்து முதல் சரணம் முடிந்து அடுத்த சரணத்துக்கு மூச்சு இழுக்கும்போது டக் என்று நின்றுவிட்டது. நாடா தீர்ந்துவிட்டது. பட்டியலில் எழுதாமல் எனக்கு மட்டும் என்று ஒளித்து அனுப்பியிருக்கிறார் என்று எனக்குக் கைகால் ஓடவில்லை. எத்தனை தரம் கேட்டிருப்பேன், மூச்சு இழுக்கிற இடம் வரைக்கும் இப்போதும் வரிவரியாக வரும், அந்தக் குழல் மேலே ஏறி, ஏறி, தலை தானாக ஆடும் அதற்கு, அப்படித்தான் இப்போது ஆடியிருக்க வேண்டும், ஏனென்றால் கண்ணாடிக்குள்ளே இவர் விரலைத் தூக்கிவிட்டார். விளக்கு எரியவில்லை.

விளக்கு எரியவில்லையே. ஃபர்ஹானா தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள், பொத்தானில் கையே இல்லை. என் தலை ஆடியது, இவர் தூக்கினார். அவள் மறுபடி அழுத்துகிறாள், பச்சை எரிகிறது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவராக வைத்துக்கொள்கிறேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், விரல் தொடையில் கிடக்கிறது. இன்னும் ஒன்று. கிடக்கிறது. மூன்றாவதற்கு வேண்டுமென்றே புருவத்தைக் கொஞ்சம் தூக்கினேன், விரல் டக்கென்று எழுந்தது. ஆக, இவ்வளவு நேரம் பரிசோதனை நடந்தது என் கண்ணுக்கு. விளக்கு எரிந்தபோதெல்லாம் எனக்கே தெரியாமல் நான் காட்டிக்கொடுத்திருக்கிறேன், இவரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார். அதற்குத்தான் நாற்காலியைத் திருப்பினாரா, அட கள்ளா. இல்லை, இவருக்கும் தெரியாமலே இருக்கலாம். நாங்கள் வாழ்வதே இப்படித்தானே, இவருக்குக் கேட்பது எது, என் முகத்தில் பார்ப்பது எது என்று எங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. சிரிப்பு வந்தது, அதோடு பயமும் வந்தது. ஏனென்றால் காலையில் இங்கே கிளம்பும்போது இவர் என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். காது நன்றாக இருக்கிறது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டால் மெஷின் பேச்சையே இனி வீட்டில் எடுக்கக் கூடாது. நானும் சரி என்றேன். இப்படியே விட்டால் பாஸ் ஆகிவிடுவார்.

விட்டுவிடலாமா? மெஷின் வேண்டாம் என்று இவர் சொல்வது வீம்பு மட்டும் இல்லை, பயம். அதை மாட்டினால் எல்லோரும் சத்தம் போட்டுப் பேசுவார்கள், பேரப்பிள்ளை இழுத்துப் பார்க்கும், கிழவன் என்பது முகத்தில் எழுதி ஒட்டின மாதிரி ஆகிவிடும். விட்டுவிடலாம், நான் இருக்கிறேனே, முகம் இருக்கிறதே. ஆனால் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இதே மாதிரி பதினொரு மணி வாக்கில், குளியலறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் வழுக்கி விழுந்தேன். முட்டி மடங்கிக் கீழே மாட்டிக்கொண்டது, எழ முடியவில்லை. கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பதினைந்து அடி கூட இருக்காது, பக்கம் திருப்பும் சத்தம் எனக்குக் கேட்டது. என்னங்க என்றேன். என்னங்க, என்னங்க. குவளையை எடுத்துத் தரையில் அடித்தேன். அப்புறம் என்ன தோன்றியதோ, பேரைச் சொன்னால் திரும்புவார் என்று தோன்றியது. நாற்பது வருஷத்தில் ஒரு நாள் சொன்னதில்லை. ரேஷன் கார்டு எழுதும்போதுகூட எழுதிக் காட்டுவேனே தவிர வாயால் சொன்னதில்லை. சபாபதி என்றேன், சபாபதி, சபாபதி என்று கத்தினேன். பேப்பரைத் திருப்பினார். அந்தப் பாட்டு ஞாபகம் வந்தது எனக்கு, அந்த நேரத்தில், அந்தக் கரை இந்தக் கரை என்று, ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதேன். முக்கால் மணி நேரம் கழித்துக் காபி வரவில்லையே என்று தேடிக்கொண்டு வந்தார். முட்டிக்குத் தைலம் தேய்த்தார். கூப்பிட்டிருக்கலாமே என்றார். கூப்பிடவே இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன் என்றேன். என் முகத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் படிக்கிற முகத்தில் அதை மட்டும் படிக்க விடாமல் பார்த்துக்கொண்டேன்.

முகம் குளியலறைக்குள் இருந்தால் எதைப் படிப்பார்? அடுத்த தரம் முட்டியோடு போகுமா? எனக்குச் சாவு பயம் இல்லை, ஆனால் நான் கூப்பிட்டேன், தனக்குக் கேட்கவில்லை என்று பிற்பாடு எப்படியாவது இவருக்குத் தெரிந்தால் அந்த மனுஷன் அப்புறம் ஒரு வாய் சோறு நிம்மதியாகச் சாப்பிட மாட்டார். ஃபர்ஹானா என் பக்கம் திரும்பி, சாருக்கு ஓரளவு நல்லாவே கேக்குதும்மா என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கண்ணாடிக்குள்ளே இவருக்கு அவள் வாய் தெரியாது, என் முகம்தான் தெரியும், நல்ல சேதியா என்று பார்க்கிறார். நான் அந்தப் பெண்ணின் கையைத் தொட்டேன்.

"ஏம்மா, முதல்லேர்ந்து போடு. இவ்வளவு நேரமும் நான்தான் பாஸ் பண்ணேன், அவரு இல்ல."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தாள், அப்புறம் தன் மேல்தான் தப்பு என்று உதட்டைக் கடித்தாள், நீங்கள் வெளியே உட்காருங்கள் என்றாள். வெளியே போனால் பயந்துவிடுவார், இங்கேயே திரும்பி உட்காருகிறேன் என்றேன். ஸ்டூலைத் திருப்பிப் போட்டேன். உட்காருவதற்கு முன்னால் ஒரு தரம் கண்ணாடிக்குள் பார்த்தேன். இவர் முகம், ஜனக் கூட்டத்தில் கையை விட்டுவிட்ட பிள்ளை முகம். என்ன என்று உதட்டால் கேட்டார். திரும்பிவிட்டேன்.

இப்போது எதிரே காலண்டர். முதுகுக்குப் பின்னால் பொத்தான் சத்தம் டிக், டிக் என்று வருகிறது, விரல் எழுகிறதா இல்லையா தெரியாது. முதுகு கூசுகிறது. துரோகம் செய்த மாதிரி இருக்கிறது, எனக்கே என் மேல் கோபம் வருகிறது. சரி, பாட்டை நினை. அந்தப் பாட்டைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும், எனக்குத் தெரியும் என்பது இவருக்குத் தெரியாது. கல்யாணம் ஆன முதல் வாரம் கேட்டேன், அந்தக் கடைசிப் பாட்டு எனக்காகத்தானே போட்டீர்கள் என்று. ஒரு வினாடி முழித்தார். பிறகு, ஆமாம், உனக்குன்னே தனியாச் சொல்லிப் போடச் சொன்னேன் என்றார். ஐந்து வருஷம் கழித்து அந்தப் பாட்டை முழுசாகப் பதிந்து வாங்கலாம் என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கடைக்கு நானே போனேன். கடைக்காரர் கேசட்டைத் திருப்பி, உறைக்குள் ஸ்கேல் கோடு போட்ட பட்டியலைப் பார்த்தார், சிரித்தார். நாடாவில் மிச்சம் இருக்கும் இடத்தைக் காலியாக விட அவருக்கு மனசு வராதாம், யார் கேசட்டாக இருந்தாலும் தனக்குப் பிடித்த பாட்டைப் போட்டு ரொப்பிவிடுவாராம், முடிகிற இடத்தில் முடியட்டும் என்று. ‘இந்த சார்தான், கேக்காத பாட்டை ஏன்யா போட்டேன்னு வந்து சத்தம் போட்டாரு’ என்றார். அது ‘மறுகரைப் பாடகி’ என்ற படமாம், ஒரே வாரம் ஓடியதாம், இசைத்தட்டும் உடைந்துவிட்டதாம். பஸ்ஸில் வரும்போது கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. ஒரு பெண் அவ்வளவு ஆசையாகக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல மனசு வராமல் அந்த முரட்டு மனுஷன் சொன்ன பொய், அது பட்டியலில் இருந்த பன்னிரண்டையும் விட எனக்குப் பெரிசாகத் தெரிந்தது. இன்றைக்கு வரை கேட்கவில்லை, சொல்லவில்லை. மகள் போனில் எடுத்துத் தருகிறேன் என்றபோதும் வேண்டாம் என்றேன். அவருக்கு ஒரு பொய், எனக்கு ஒரு பொய், கூப்பிடவே இல்லை என்கிற பொய்.

அம்மா, திரும்பிக்கலாம் என்றாள் ஃபர்ஹானா. தாளில் ஒரு கோடு, படிக்கட்டு மாதிரி சரிந்து இறங்கியிருந்தது. இரண்டு காதுக்கும் மெஷின் வேண்டும் என்றாள். இவர் அறையிலிருந்து வெளியே வந்து என்னைப் பார்க்காமல் தாளைப் பார்த்தார். ‘ஃபெயிலா’ என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். ‘நீ திரும்பிக்கிட்டே’ என்றார், அவ்வளவுதான், கோபமாகக்கூட இல்லை. அந்தப் பெண் காதுக்குப் பின்னால் பூச்சி மாதிரி ஒன்றை வைத்து, ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு, கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள். இவர் திடுக்கிட்டு மின்விசிறியைப் பார்த்தார், பிறகு தன் சட்டையைத் தடவி அந்தச் சரசரப்பைக் கேட்டார். எல்லாம் தகரத்துக்குள்ளேயிருந்து வருகிற மாதிரி இருக்கிறது, என் குரலே யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது, கழற்று என்றார். போகப் போகப் பழகிவிடும் என்றாள் அவள். என்ன பாட்டும்மா என்று என்னைக் கேட்டாள். படத்தின் பேரைச் சொன்னேன். இவர் நிமிர்ந்தார். ஒரு வாரம் ஓடிய படம், அவள் போனில் இதெல்லாமா இருக்கப்போகிறது என்று நினைத்தேன், யாரோ ஒரு புண்ணியவான் ஏற்றி வைத்திருக்கிறான். போனை மேஜைமேல் வைத்தாள்.

தண்ணீர்ச் சத்தம் வந்தது, குழல் வந்தது. குழல் வந்ததும் இவர் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது, அந்தக் குழலை இவர் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ. அவள் கூப்பிடுகிறாள், நானும் மனசுக்குள் கூடவே போகிறேன், பல்லவி, சரணம், மறுபடி குழல் ஏறுகிறது, இதோ மூச்சு இழுக்கிறாள், இதோ டக் என்று நிற்க வேண்டும், நான் கண்ணை மூடிக்கொண்டேன். நிற்கவில்லை. அந்த மூச்சு அவளுடையது இல்லை, ஒரு ஆண் குரல் வந்தது. அந்தக் கரையிலிருந்து, தூரத்தில், அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு. நாற்பது வருஷம் அதைத் தனிப்பாட்டு என்று நினைத்திருந்தேன். பதில் இருந்திருக்கிறது, மிச்ச இடத்தில் கொள்ளவில்லை, அவ்வளவுதான். கண்ணைத் திறந்தால் இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், காலண்டருக்குக் கொஞ்சம் மேலே, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, இரண்டு விரல் மேஜை விளிம்பில் தட்டுகிறது. எழுந்து அவருக்குப் பின்னால் போனேன். கண்ணாடியோ, பளபளப்பான எதுவோ எதிரில் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். குளியலறையில் கத்திய மாதிரி இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற அளவுக்குத்தான் சொன்னேன்.

"சபாபதி."

ஃபர்ஹானா என்னைப் பார்த்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவனும் அவளும் சேர்ந்து பாடத் தொடங்கியிருந்தார்கள். இவர் திரும்பவில்லை. இல்லை, கேட்கவில்லை, என்று நினைத்து நான் கையைத் தோளில் வைக்கப் போனபோது, பரிசோதனை அறைக்குள் தூக்கிய அதே விரலைத் தூக்கினார்.

"கேக்குது, இரு," என்றார். "பாட்டு முடியட்டும்."